பெட்டிக்குள் பிள்ளை, வராந்தாவில் தாய்: சிஸ்டர் பதில்கள்

சென்ற இதழில் சளி, காய்ச்சல் பற்றி எழுதும்போது போகிற போக்கில் குறைமாதக் குழந்தைகளைப் பற்றி இரண்டு வரி சேர்த்திருந்தேன். அந்த இரண்டு வரிக்குத்தான் கடிதங்கள் வந்து குவிந்திருக்கின்றன. சளியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. சரி, இந்த இதழ் முழுக்க 37 வாரம் முடியுமுன்னே அவசரமாக வந்துவிட்ட பிள்ளைகளுக்கே. மதுரைப் பக்கம் பச்சிளங்குழந்தைப் பிரிவில் செவிலியராக 31 வருடம் நின்ற கால்கள் என்னுடையவை. பார்த்ததைச் சொல்கிறேன், படித்ததையும் சொல்கிறேன்.

சிஸ்டர், எனக்கு 31 வாரத்தில் பிரசவமாகிவிட்டது. பெண் குழந்தை, 1,400 கிராம். ஐந்து நாளாக என்ஐசியுவில் (பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருக்கிறாள். பீய்ச்சினால் பத்துச் சொட்டுகூட வரவில்லை. “உனக்குப் பால் வத்திப்போச்சு, பவுடர் பால் எழுதித் தரச் சொல்லு” என்கிறார் மாமியார். நான் என்ன செய்ய?
– வாசகி, உசிலம்பட்டி

இவருக்கு அன்றைக்கே தபாலில் பதில் போட்டுவிட்டேன், இதழ் அச்சாகி வரும்வரை பால் காத்திருக்காது. மற்றவர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன்.

வற்றிப்போவதற்கு முதலில் ஊறியிருக்க வேண்டுமே, தாயி. உனக்கு இன்னும் சரியாக ஊறத் தொடங்கவில்லை, அவ்வளவுதான். நிறைமாதப் பிள்ளை வாய் வைத்து இழுக்கிற இழுப்பில் பால் இறங்கும். உன் பிள்ளை இன்குபேட்டர் என்கிற கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். அவள் செய்ய வேண்டிய வேலையை அவள் வருகிறவரை உன் கை செய்ய வேண்டும்.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை பீய்ச்சுகிறாய் என்று நீ எழுதவில்லை. எனக்கு வரும் கடிதங்களில் இந்த ஒரு விவரம் மட்டும் எப்போதும் இருக்காது. வார்டில் கேட்டாலும் “அடிக்கடி சிஸ்டர்” என்பார்கள். எண்ணிப் பார்த்தால் மூன்று, மிஞ்சினால் நான்கு. வேண்டியது எட்டு. அதில் ஒன்றாவது நடுராத்திரியில் இருக்க வேண்டும், ஏனென்றால் பால் சுரக்க வைக்கிற புரோலாக்டின் என்ற ஹார்மோன் இரவில்தான் கூடுதலாக இருக்கும். பிரசவமான முதல் ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கினால் ரொம்ப நல்லது. தவறிவிட்டது என்றால் இன்றைக்குத் தொடங்கு.

எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய் என் வார்டில் இருந்தாள். ஒவ்வொரு முறை பீய்ச்சியதும் டம்ளரில் ஒரு புளியங்கொட்டையைப் போடுவாள். ராத்திரி டியூட்டிக்கு நான் வந்தால் முதலில் டம்ளரைத்தான் எட்டிப் பார்ப்பேன். ஆறு கொட்டை கிடந்தால் “இன்னும் ரெண்டு பாக்கி” என்பேன். முதல் நாள் அவளுக்கு வந்தது ஊசிக் குழலின் அடியில் ஒட்டிக்கொள்ளும் அளவு. பத்தாம் நாள் பாலைப் பிடித்து வைக்கப் பாட்டில் வாங்கி வரச் சொன்னேன்.

கையால் பீய்ச்சும் முறையும் முக்கியம். காம்பைப் பிடித்து இழுத்தால் வலிதான் மிஞ்சும். காம்புக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் பின்னால் கட்டைவிரலை மேலேயும் மற்ற விரல்களைக் கீழேயும் வைத்து, முதலில் நெஞ்சுக்கூட்டை நோக்கி உள்ளே அழுத்து. அப்புறம் விரல்களைச் சேர்த்து அமுக்கு. விடு. மறுபடி அழுத்து. தோலின் மேல் விரல் வழுக்கக் கூடாது. முதல் ஒன்றிரண்டு நிமிடம் ஒன்றுமே வராது, அங்கேதான் பாதிப் பேர் கையை எடுத்துவிடுகிறார்கள். மின்பம்ப் வைத்திருந்தாலும் கையை விடாதே. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் ஜேன் மார்ட்டன் என்ற மருத்துவர் 67 குறைமாதத் தாய்மார்களைப் பின்தொடர்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் மூன்று நாளும் கையாலும் அடிக்கடி பீய்ச்சியவர்களுக்குப் பின்னால் பால் நன்றாகப் பெருகியதைக் காட்டினார். முடிந்தால் பிள்ளையின் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பீய்ச்சு. அவள் முகத்தைப் பார்த்தால் பால் இறங்கும். நாற்காலி இல்லை என்பார்கள். கேட்டு வாங்கு.

வருகிற பத்துச் சொட்டு சீம்பாலை “இது என்னத்துக்கு” என்று வழித்துப் போட்டுவிடாதே. வயிற்றுக்குப் போகிற டியூப் வழியாக ஒரு வேளைக்கு ஒன்று, இரண்டு மில்லி என்றுதான் அவளுக்குத் தொடங்குவார்கள். உன் பத்துச் சொட்டை அவர்கள் தேடிக்கொண்டிருப்பார்கள். முழு அளவு குடிக்கும்போதுகூட கிலோவுக்கு 150 முதல் 180 மில்லி என்று வைத்தால் 1,400 கிராம் பிள்ளைக்கு ஒரு நாள் முழுக்க 210 முதல் 250 மில்லி போதும், அதாவது ஒரு காபி டம்ளரும் கொஞ்சமும்.

மாமியாரிடம் சொல்ல ஒரு கணக்குத் தருகிறேன். 1990-இல் இங்கிலாந்தில் லூக்காஸ், கோல் என்ற இருவர் 926 குறைமாதக் குழந்தைகளைப் பார்த்து ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். குறைமாதப் பிள்ளைக்கு வருகிற குடல் அழுகல் நோய், தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிடப் பவுடர் பால் மட்டும் குடித்தவர்களுக்கு ஆறு முதல் பத்து மடங்கு அதிகமாக வந்திருந்தது. அந்த நோய் வந்த வயிற்றை நான் பார்த்திருக்கிறேன். பளபளவென்று உப்பி, தோலுக்குள் குடல் வளையம் தெரியும். இதற்கு மேல் வர்ணிக்க மாட்டேன்.

சிஸ்டரம்மா, என் பேத்தி 1,650 கிராம். டாக்டர் அவளைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துத் துணி இல்லாமல் என் மகள் நெஞ்சில் கட்டிவிடச் சொல்கிறார். பச்சை உடம்புக்காரி, பச்சைப் பிள்ளை. ரெண்டு பேருக்கும் குளிர் கண்டுவிடாதா? பெட்டி வாடகை கட்ட எங்களால் முடியும் என்று சொல்லியும் கேட்கவில்லை.
– ஒரு பாட்டி, காரைக்குடி

அம்மா, வாடகையை மிச்சம் பிடிக்க இதைச் சொல்லவில்லை. ஆனால் இது பெட்டி இல்லாத இடத்தில் பிறந்த வைத்தியம்தான், அதனால் உங்கள் சந்தேகத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது.

தென்னமெரிக்காவில் கொலம்பியா என்று ஒரு நாடு. அதன் தலைநகர் போகோட்டாவில், 1978-இல், எட்கர் ரே என்ற டாக்டர் இருந்த பிரசவ ஆஸ்பத்திரியில் ஒரு இன்குபேட்டரில் இரண்டு மூன்று பிள்ளைகளைப் போடுகிற நெருக்கடி. ஒன்றின் கிருமி இன்னொன்றுக்குத் தொற்றும். வேறு வழியில்லாமல், மூச்சு சீராக இருக்கும் பிள்ளைகளைத் தாயின் மார்பில் நிமிர்த்தி வைத்துக் கட்டினார்கள். ஹெக்டர் மார்டினெஸ் என்ற இன்னொரு டாக்டரும் சேர்ந்துகொண்டார். கங்காரு தன் குட்டியைப் பையில் வைத்துக்கொள்கிற மாதிரி இருந்ததால் ‘கங்காரு முறை’ என்றே பெயராகிவிட்டது.

பல வருடம் இதை ‘ஏழைகளின் இன்குபேட்டர்’ என்று நினைத்தவர்களில் நானும் ஒருத்தி. பிள்ளை தேறிய பிறகு, வீட்டுக்குப் போகிற வாரத்தில் செய்து காட்டுகிற சடங்கு மாதிரி வைத்திருந்தோம். நான் முதலில் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில் தாய்க்குப் பார்வை நேரம் காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம். மற்ற நேரமெல்லாம் வராந்தா. தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பார்கள். கிருமி வந்துவிடும் என்பது எங்கள் பயம். எங்கள் கையில் இருந்த கிருமியைவிடத் தாயின் தோலில் இருப்பது மோசமானதா என்று யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பதில் வந்தது 2021-இல். உலக சுகாதார நிறுவனம் கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா, இந்தியா என ஐந்து நாட்டு ஆஸ்பத்திரிகளில் 3,211 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தியது. இந்தியாவில் அது நடந்தது டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையில். 1,000 முதல் 1,799 கிராம் வரை எடையுள்ள பிள்ளைகள். ஒரு பாதிக்கு வழக்கம்போல் முதலில் வார்மர் என்கிற சூடு தரும் மேடை, தேறியபின் கங்காரு. இன்னொரு பாதிக்குப் பிறந்த உடனே கங்காரு. அதற்காகத் தாய்க்கும் என்ஐசியுவுக்குள்ளேயே கட்டில் போட்டார்கள். உடனே மார்பில் போட்ட பிள்ளைகளில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 12. காத்திருந்தவர்களில் 15.7. இந்த வித்தியாசம் தெரிந்ததும், மற்றப் பிள்ளைகளைக் காக்க வைப்பது நியாயமில்லை என்று ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். அடுத்த வருடம் உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையை மாற்றி, ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம்வரை, பிறந்ததிலிருந்தே என்று எழுதியது.

உங்கள் மருமகன் பெட்டி வாடகை கட்டட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. பெட்டி சூடு தரும். ஆனால் பாலின் வாசம், நெஞ்சுத் துடிப்பு, பிள்ளை மூச்சை மறந்தால் அசைந்து எழுப்பிவிடுகிற ஓர் உடம்பு, இதெல்லாம் எந்தக் கம்பெனி பெட்டியிலும் வராது.

குளிர் பற்றிக் கேட்டீர்களே: பிள்ளைக்குத் தொப்பி, காலுறை, நாப்கின் மூன்றும் உண்டு. நெஞ்சும் வயிறும்தான் வெறும் தோல். இரண்டு மார்புக்கும் நடுவில் நிமிர்த்தி, தவளை மாதிரி கால்களை மடக்கி, தலையை ஒரு பக்கம் திருப்பி, கழுத்து மடங்காமல் வைத்துக் கட்டுவார்கள். மேலே மகளின் ரவிக்கையோ நைட்டியோ, அதற்கு மேல் போர்வை. மகள் சாய்ந்து உட்காரட்டும். போட்டால் ஒரு மணி நேரமாவது எடுக்காதீர்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கித் தூக்கிப் பார்த்தால் பிள்ளை களைத்துப்போகும். மகள் குளிக்கப் போகிற நேரம் மாப்பிள்ளை சட்டையைக் கழற்றிவிட்டு உட்காரலாம், நீங்களும் செய்யலாம். என் வார்டில் எழுபது வயது ஆச்சி ஒருவர் பேரனை நெஞ்சில் போட்டுக்கொண்டு மூன்று மணி நேரம் அசையாமல் இருந்தார், வெற்றிலைகூடக் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போனபிறகும் விடாதீர்கள். ஹரியானாவில் ஃபரீதாபாத், பல்வல் மாவட்டங்களில் வீட்டிலேயே இதைத் தொடங்கிய 2019 ஆய்வில், 8,402 எடை குறைந்த குழந்தைகளில், முதல் மாத இறப்பு கிட்டத்தட்ட 30 விழுக்காடு குறைந்தது. கிராமத்து வீடுகள்தான். பெட்டியும் இல்லை, ஏசியும் இல்லை.

பாலாடையா, பாட்டிலா? ஆஸ்பத்திரியில் பாலாடை, வீட்டில் எல்லாரும் பாட்டில் என்கிறார்கள்.
– வாசகி, விருதுநகர்

பாலாடைதான், அதாவது சங்கு மாதிரி மூக்கு வைத்த சின்னக் கிண்ணம். கழுவிக் கொதிக்க வைப்பது சுலபம், மூலை முடுக்கு இல்லை. 1999-இல் டாக்டர் இந்திரா நாராயணனும் அவர் குழுவினரும் பாட்டில், கிண்ணம், பாலாடை மூன்றையும் ஒப்பிட்டபோது, பாலாடையில்தான் பிள்ளைகள் குறைந்த நேரத்தில் கூடுதலாகக் குடித்தார்கள், அமைதியாகவும் இருந்தார்கள். இதில் ஒரு வேடிக்கை. 2007-இல் இங்கிலாந்தில் இதே பாலாடையைச் சோதித்தபோது நேர்மாறாக வந்தது: நேரம் அதிகம், சிந்தியதும் அதிகம். நம் ஊரில் சங்கில் புகட்டிப் பழகிய கை வேறு, முதல்முறை பாலாடையைப் பார்க்கிற கை வேறு என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன். வாயில் ஊற்றாதீர்கள். கீழுதட்டில் நுனியை வைத்துச் சாய்த்தால் பிள்ளையே உறிஞ்சும். முழுங்கியபின் அடுத்த வாய்.

நான் எம்.எஸ்சி. நர்சிங் முதலாண்டு. (ஆண்தான், வார்டில் என்னையும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.) ஆய்வுக்குத் தாய்ப்பால், குறைமாதக் குழந்தை என்று தலைப்பு எடுக்க ஆசை. “அதெல்லாம் டாக்டர்கள் செய்து முடித்தாச்சு, நீ அறிவுநிலை ஆய்வு எடு” என்கிறார்கள். செவிலியர் ஆய்வு என்று உண்மையில் ஒன்று இருக்கிறதா?
– மாணவர், நாகர்கோவில்

தம்பி, உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன்.

அவர்கள் சொல்கிற அறிவுநிலை ஆய்வின் தலைப்பு எனக்கு மனப்பாடம்: ‘கட்டமைக்கப்பட்ட போதனைத் திட்டத்தின் செயல்திறன்’. அறுபது தாய்மார்கள், முப்பது கேள்வி, பாடம் நடத்துமுன் ஒரு தேர்வு, நடத்தியபின் ஒரு தேர்வு. அறிவு கூடியிருக்கும். கூடாமல் எங்கே போகும்? நம் கல்லூரி நூலகங்களில் இந்த ஒரே ஆய்வு அட்டை நிறம் மட்டும் மாறி அலமாரி அலமாரியாக இருக்கிறது. நானும் அதில் ஒன்று எழுதியவள்தான், அதனால் திட்ட எனக்கு உரிமை உண்டு.

இப்போது ஒரு கதை கேள். தொண்ணூறுகளில் நான் இருந்த வார்டில் எழுதாத விதி ஒன்று: 1,800 கிராம் ஆகும்வரை பிள்ளையை மார்பில் போடக் கூடாது, அதற்கு முன் பாலாடையிலோ பாட்டிலிலோ முழு அளவு குடித்துக் காட்ட வேண்டும். மார்பில் குடிப்பது கடினமான வேலை, பிள்ளை களைத்துவிடும் என்பது காரணம். மேலூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, 33 வாரப் பிள்ளை, ராத்திரி இரண்டு மணிக்கு யாருக்கும் தெரியாமல் மார்பில் போட்டிருந்தாள். நான் பார்த்துவிட்டேன். வார்டே எழுந்துகொள்கிற மாதிரி சத்தம் போட்டேன். அவள் அழவில்லை. “அவனே தேடுறான் சிஸ்டர்” என்று மட்டும் சொன்னாள். சாச்சுரேஷனை, அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்த்தேன். 96. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அதைக் கேஸ் ஷீட்டில் குறிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பல வருடம் முன்பே அமெரிக்காவில் பாலா மெயர் என்ற செவிலியருக்குத் தோன்றியிருக்கிறது. அவர் 1988-இல் ‘நர்சிங் ரிசர்ச்’ இதழில் எழுதிய ஆய்வில் இருந்தவை ஐந்தே குழந்தைகள். அதே குழந்தை பாட்டிலில் குடிக்கும்போதும் மார்பில் குடிக்கும்போதும் ஆக்சிஜன் எப்படி இருக்கிறது, உடம்புச் சூடு எப்படி இருக்கிறது என்று தோலில் கருவியை ஒட்டி அளந்தார். பாட்டிலில் குடிக்கும்போதுதான் ஆக்சிஜன் இறங்கியது. மார்பில் சீராக இருந்தது, உடம்பும் கதகதப்பாக இருந்தது. பாட்டிலில் பால் தானாகக் கொட்டும், பிள்ளை முழுங்குவதற்காக மூச்சை நிறுத்த வேண்டியிருக்கும். மார்பில் வேகத்தைப் பிள்ளையே வைத்துக்கொள்ளும், நாலு இழுப்பு இழுத்துவிட்டு மூச்சு வாங்கும். எந்த வேலை கடினம் என்று நாங்கள் நம்பியிருந்தோமோ அது அப்படியே தலைகீழ். இதை நான் படித்தது அந்த மேலூர்ப் பெண் வீட்டுக்குப் போய் ஆறேழு வருடம் கழித்து.

ஸ்வீடனில் கெர்ஸ்டின் ஹெட்பெர்க் நிக்விஸ்ட், இவரும் செவிலியர். குறைமாதப் பிள்ளை மார்பில் என்னென்ன செய்கிறது என்பதை ஆறு கூறாகப் பிரித்தார்: தேடுவது, கவ்வுவது, பிடி விடாமல் இருப்பது, சப்புவது, ஒரே மூச்சில் எத்தனை சப்பு, முழுங்குவது. குறித்துக்கொள்ளும் வேலையைத் தாய்மார்களிடமே கொடுத்தார். 1999-இல் வந்த அந்த ஆய்வில் 71 பிள்ளைகள். 28 வாரத்திலேயே சில பிள்ளைகள் காம்பைத் தேடிக் கவ்வின. 30 வாரம் தாண்டியதும் சிலது பாலை உறிஞ்சத் தொடங்கிவிட்டன. 57 பிள்ளைகள் சராசரியாக 36 வாரத்தில் முழுக்க மார்பிலேயே குடித்தன. 34 வாரம் ஆகாமல் சப்பி, முழுங்கி, மூச்சுவிட வராது என்று நாம் புத்தகத்தில் கோடு போட்டுப் படித்தோமே, அந்தக் கோட்டைப் பிள்ளைகள் படிக்கவில்லை. நம் ஊரிலேயே, இந்திரா நாராயணன் குழுவினர் 1991-இல், டியூபில் பால் போகும்போது பீய்ச்சிக் காலியாக்கிய மார்பில் பிள்ளையைச் சப்ப விட்டுப் பார்த்தார்கள். அப்படிப் பழகிய பிள்ளைகள் பிற்பாடு நெடுநாள் தாய்ப்பால் குடித்தன. இவர் டாக்டர்தான், ஆனால் செலவென்று பார்த்தால் ஒரு நாற்காலி.

டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வந்து போவார்கள். எட்டு மணி நேரம் பிள்ளையோடு நிற்பவர் நாம். எண்ண வேண்டியது நம் கண்முன் கிடக்கிறது. உன் வார்டில் தாய் முதல்முறை பால் பீய்ச்சியது பிரசவமாகி எத்தனையாவது மணியில்? யார் சொல்லித் தந்தார்கள்? அறுவைசிகிச்சை வார்டுக்கும் என்ஐசியுவுக்கும் எத்தனை மாடி, லிஃப்ட் எத்தனை மணிக்கு நிற்கும்? பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்ட மாதத்திலும் போடாத மாதத்திலும் தாய் அங்கே இருந்த நிமிடம் எவ்வளவு, பால் எத்தனை மில்லி? இதில் ஒன்றை எடு. நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கு. ஆறு மாதம் பொய்யில்லாமல் எண்ணு. வழிகாட்டி ஒத்துக்கொள்ளாவிட்டால் எனக்கு எழுது, நானே பேசுகிறேன். ஓய்வு பெற்றவளை யாரும் இடம்மாற்ற முடியாது.

ஐந்து வாரம் முன்னதாகப் பிறந்த மகனுக்கு வீட்டிலேயே எடை பார்க்க டிஜிட்டல் தராசு வாங்கியிருக்கிறேன். ஒவ்வொரு முறை குடித்தபின்னும் பார்த்துக் குறிக்கிறேன். மனைவி தராசை ஒளித்து வைத்துவிட்டார். யார் செய்வது சரி? இன்னொன்று, மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை.
– வாசகர், திருப்பூர்

உங்கள் மனைவி செய்ததுதான் சரி, ஆனால் உங்கள் கணக்கு முட்டாள்தனமில்லை. குடிக்குமுன் ஒரு எடை, அதே துணியோடு குடித்தபின் ஒரு எடை, வித்தியாசம் எத்தனை கிராமோ ஏறக்குறைய அத்தனை மில்லி. மேலே சொன்ன பாலா மெயர்தான் இதையும் சோதித்தார். பார்த்துப் பார்த்தே “நல்லா குடிச்சிட்டான்” என்று தாயோ செவிலியரோ சொல்வது நம்பத்தக்கதில்லை என்றும், துல்லியமான தராசு சொல்வதை நம்பலாம் என்றும் காட்டினார். அது டியூபை நிறுத்திக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு, வார்டில், சில நாளைக்கு. வீட்டில் ஒவ்வொரு வேளையும் மார்க் போட்டால் மனைவி பரீட்சை எழுதுகிற மாதிரிதான் பாலூட்டுவார். வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே தராசில் பாருங்கள். ஒரு நாளைக்கு ஆறு முறைக்கு மேல் சிறுநீர் போகிறானா, பால் குடித்துவிட்டுத் தூங்குகிறானா என்பதை மற்ற நாளில் பாருங்கள்.

சிரிப்பைப் பொறுத்தவரை, பிறந்து 13 வாரம் என்றால் அதிலிருந்து 5 வாரம் கழியுங்கள். அவனுக்கு இப்போது வயது 8 வாரம். முதல் இரண்டு வருடம் வளர்ச்சியை இந்தத் திருத்திய வயதில்தான் பார்க்க வேண்டும். தடுப்பூசிக்கு மட்டும் கழிக்கக் கூடாது, அது பிறந்த தேதிப்படி. இன்னும் நாலைந்து வாரத்தில் சிரிக்காவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். அதுவரை தராசைத் தேடாதீர்கள்.

பால் சுறாப் புட்டு, பூண்டு, முருங்கைக்கீரை, தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியம். இதில் எது சாப்பிட்டால் உண்மையிலேயே பால் ஊறும்?
– வாசகி, தூத்துக்குடி

தூத்துக்குடியில் இருந்துகொண்டு சுறாப் புட்டு வேண்டாம் என்று சொல்ல நான் யார்? வயிறார சாப்பிடுங்கள். புரதம், இரும்புச்சத்து எல்லாம் பிரசவித்தவளுக்கு வேண்டியதுதான். பால் ஊற வைப்பது மார்பிலிருந்து பால் வெளியேறுவதுதான், தட்டில் இருப்பது அதற்கு இரண்டாம்பட்சம். எட்டுத் தடவை பீய்ச்சாமல் சுறாவை மட்டும் நம்பினால் சுறாவுக்குத்தான் நஷ்டம். லேகியம் எடுப்பதாக இருந்தால் பிள்ளையைப் பார்க்கிற டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பத்தியம் என்று தண்ணீரைக் குறைப்பதை மட்டும் என்னால் பொறுக்க முடியாது. தாகத்துக்குக் குடியுங்கள்.

எனக்குப் பால் மிச்சமாகிறது. தாய்ப்பால் வங்கிக்குக் கொடுக்கலாமா? பக்கத்து வீட்டு இரட்டைக் குழந்தைகளுக்கு நேராகவே கொடுத்துவிட்டால் என்ன?
– வாசகி, கோயம்புத்தூர்

வங்கிக்குக் கொடுங்கள். நம் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் இருக்கிறது. ஆசியாவிலேயே முதல் தாய்ப்பால் வங்கி 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிதா ஃபெர்னாண்டஸ் தொடங்கியது. கொடுப்பவருக்கு எச்ஐவி, மஞ்சள் காமாலை, பால்வினை நோய்க்கு ரத்தப் பரிசோதனை செய்வார்கள். பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் வைத்துக் கிருமி நீக்கி, குளிர்வித்து, சோதித்து உறைய வைப்பார்கள். பக்கத்து வீட்டுக்கு நேராகக் கொடுப்பதில் அந்தச் சோதனை எதுவும் இல்லை. அவர்கள் குறைமாதப் பிள்ளைகள் என்றால் கட்டாயம் வேண்டாம். உங்கள் மனசுக்கு ஒரு கும்பிடு.

சொந்தப் பிள்ளைக்குப் பீய்ச்சி வைப்பவர்கள் வெளியில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் அதுவும் வேண்டாம், உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள், கதவுத் தட்டில் வைக்காமல் உள்ளே தள்ளி. பிள்ளை வார்டில் இருந்தால் 24 மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேருங்கள். மேலே தேதியும் மணியும் எழுதி ஒட்டுங்கள். அடுப்பில் சுட வைக்காதீர்கள், வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்து எடுங்கள்.

30 வாரத்தில் பிறந்த என் பையன் இப்போது வீட்டுக்கு வந்துவிட்டான். தாய்ப்பால் மட்டும்தான். டிஸ்சார்ஜ் சீட்டில் கண் டாக்டரைப் பார்க்கச் சொல்லி எழுதியிருக்கிறார்கள். கண் நன்றாகத்தான் இருக்கிறது, வெளிச்சத்தைப் பார்க்கிறான். இன்று 26-ஆம் நாள். குலதெய்வம் கோவிலுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் போதாதா?
– வாசகி, திண்டுக்கல்

இதற்கும் பதில் எழுதி இதழ் வரக் காத்திருக்கவில்லை. கடிதத்தில் இருந்த எண்ணுக்கு அன்றைக்கே போன் செய்தேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்துவிட்டார்கள்.

குறைமாதப் பிள்ளையின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் வளர்ந்து முடிந்திருக்காது. வெளியே வந்தபின் அவை தாறுமாறாகப் படரலாம். வெளியிலிருந்து பார்த்தால் கண்ணில் ஒன்றுமே தெரியாது, வெளிச்சத்தைப் பார்ப்பான், கொட்டாவி விடுவான். உள்ளே விழித்திரை பிய்ந்துகொண்டிருக்கலாம். 34 வாரத்துக்கு முன் பிறந்தவர்களையும் 2,000 கிராமுக்குக் குறைந்தவர்களையும் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரை பார்க்கிற கண் டாக்டரிடம் காட்ட வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்கள் என்றால் இன்னும் சீக்கிரம், இரண்டு மூன்று வாரத்திலேயே. நேரத்தில் பிடித்தால் லேசர் வைத்துக் காப்பாற்றலாம். பிந்தினால் திரும்பாது.

சீட்டில் இந்த விழித்திரை நோய் ஆர்ஓபி (ROP) என்று மூன்று ஆங்கில எழுத்தாக மட்டும் இருக்கும், கையெழுத்தும் புரியாது. வீட்டில் குறைமாதப் பிள்ளை இருப்பவர்கள் அந்தச் சீட்டை இப்போதே எடுத்துப் பாருங்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, இமையை விரித்து வைத்துப் பார்ப்பார்கள். பிள்ளை வீறிடும், பெற்றவளுக்குத் தாங்காது. பால் கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துக் கொண்டுபோங்கள், வாந்தி வராது. பரிசோதனை முடிந்ததும் அங்கேயே ஒரு நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்து மார்பில் போட்டுக்கொள்ளுங்கள்.